விற்பனைப் பக்கத்தில் ஒரு திருத்தம்

— இன்னொரு தடவ சொல்லு, கிஸ்லான். பிரான்சுல இருக்கிறவ கம்பளத்தத் தொட்டுப் பாக்கல, முடிச்ச எண்ணல. அப்புறம் எப்படி வாங்குவா?

— போட்டோவப் பாத்துத்தான், இத்தோ அக்கா. நெட்டுல எப்படி விக்கறதுன்னு நாலு நாளா சங்கத்துல இதத்தானே சொல்லிக் கொடுக்கறேன்?

— போட்டோவுல கம்பளி வாசன வருமா?

— வராது. அதுக்குத்தான் உங்களப் பத்தியும் ரெண்டு வரி எழுதிப் போட்டோம்.

— என்னப் பத்தி எதுக்கு? பொண்ணு கேக்கவா வரா?

— ஆளத் தெரிஞ்சா நம்பிக்க வரும்க்கா.

— மராகேஷ் யாவாரி என் பேரக்கூடக் கேட்டதில்ல. பொரட்டிப் பாப்பான், உதட்டப் பிதுக்குவான், பாதி விலைக்குத் தூக்கிட்டுப் போவான். அது புரியுது. இது ஒரு மண்ணும் புரியல.

— பொறுமையா இருங்க. ஆர்டரே வந்தாச்சு! அந்தச் செவப்புக் கம்பளம். பேரம் பேசாம முழு விலைக்கு.

— பேரம் பேசலயா? அப்ப எங்கயோ ஒதைக்குது.

— கூடவே ஒரு சேதியும் வந்திருக்கு.

— பாத்தியா! என்னவாம், சாயம் போகுமான்னு கேக்கறாளா?

— இல்லக்கா. எனக்கே கொழப்பமா இருக்கு. ‘உங்க பக்கத்துல ஒரு தப்பு. நெய்யறவங்களுக்கு மூணு பிள்ளைங்கன்னு போட்டிருக்கு. மூணு இல்ல, நாலு.’ இவ்வளவுதான்.

— நாலுன்னா போட்டிருக்கு?

— வேற யாரோன்னு நெனச்சுட்டாங்க போல. நீங்கதானே சொன்னீங்க, மூணும் பையங்கன்னு?

— பேரு என்ன போட்டிருக்கு?

— இருங்க... தூதா. மர்சேய் விலாசம். அக்கா, ஏன் எந்திரிச்சுட்டீங்க? டீ கொட்டுது பாருங்க!

— கொட்டட்டும்.

— யாருக்கா தூதா?

— மூத்தவ. தானா ஒருத்தனப் பாத்துக் கட்டிக்கிட்டுப் போனா. இனி அவள எண்ணக் கூடாதுன்னுட்டார் அவ அப்பா. பதினோரு வருஷம். யார் கேட்டாலும் மூணு, மூணுன்னு சொல்லி நாக்கு மரத்துப்போச்சு.

— யா அல்லா... தெரியாமப் போச்சே. இப்ப நான் என்ன செய்ய? ஆர்டர ரத்து பண்ணிடவா?

— மொதல்ல நாலுன்னு மாத்து.

— உங்க வீட்டுக்காரர் பாத்தா?

— அவருக்குப் படிக்கத் தெரியாது.

— ஊருக்குப் படிக்கத் தெரியுமேக்கா.

— படிச்சுச் சொல்லட்டும். மாத்து.

— மாத்திட்டேன். கம்பளத்த நாளைக்கே தபால்ல சேக்கணும். கட்டிடலாமா?

— கட்டாத. வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு.