சிவப்புக் கரை யாருக்கு

தங்கச்சி: ...கதவைச் சாத்துக்கா. முதல்ல கதவைச் சாத்து!

அக்கா: சாத்திட்டேன்டி. தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது.

தங்கச்சி: தள்ளு, நான் போடறேன். உட்காரு... அதுல உட்காராதே, கால் உடைஞ்ச நாற்காலி. இதுல உட்காரு. இப்ப சொல்லு, மேடையில என்ன ஆச்சு? நான் பின்னாடி நின்னேன், ஒண்ணும் சரியாத் தெரியல.

அக்கா: என்ன ஆச்சா? குருவியை மேடைக்குக் கூப்பிட்டாங்க. வந்து நின்னா. அவ புருஷன் நெட்டை பேர் எழுதின பையை எடுத்தேன். முடிச்சை அவுத்தேன்...

தங்கச்சி: அவுத்து?

அக்கா: சிவப்புக் கரைடி!

தங்கச்சி: என்னது?

அக்கா: சிவப்பு. நல்லா பளிச்சுனு, சிவப்பு.

தங்கச்சி: அய்யய்யோ! செத்துப் போன மனுஷனுக்கா?

அக்கா: கத்தாதே. சுவத்துக்கு அந்தப் பக்கம் மேடை.

தங்கச்சி: எப்படிக்கா? தீயணைப்பு வேலையில இருக்கிறவங்களுக்குத்தானே சிவப்புக் கரை வெச்சுப் போர்வை தைக்கிறோம்? தோள்ல போர்த்தி விடறது அது. தீயில போனவங்களுக்கு நீலம். மடிச்சு வீட்டுக்காரங்க கையில குடுக்கிறது...

அக்கா: எனக்கே பாடம் எடுக்கிறியா? அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததே நான்.

தங்கச்சி: சரி, சரி. குருவி என்ன பண்ணா? அழுதாளா?

அக்கா: அழுதிருந்தா பரவாயில்லையே! உத்துப் பார்த்தா. கரையைப் பார்த்தா, தையலைப் பார்த்தா. நான் மரம் மாதிரி நிக்கிறேன். என் கையில இருந்து வாங்கினா, ஒரு உதறு உதறினா... தன் தோள்லயே போட்டுக்கிட்டா.

தங்கச்சி: தன் தோள்லயா!

அக்கா: ஆமா. கீழ இருக்கிறவங்க என்னத்தைக் கண்டாங்க? கைதட்டுறாங்க. இறங்கிப் போய் முதல் வரிசையில உட்கார்ந்துட்டா, கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு. இந்தப் புழுக்கத்துல!

தங்கச்சி: பேசினாளா ஏதாவது?

அக்கா: எங்க பேசறா? ஓயாம பேசுவான்னுதானே குருவின்னு பேர் வெச்சோம். நெட்டை போனதுல இருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. புருஷனோட சேர்த்துப் பேச்சையும் அனுப்பிட்டா.

தங்கச்சி: அந்தச் சிவப்பு எந்தப் போர்வைன்னு அவ பார்த்ததுமே...

அக்கா: தெரிஞ்சிருக்கும். அவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அந்தப் பேச்சை இங்க எடுக்காதே. வாக்குக் குடுத்திருக்கோம்.

தங்கச்சி: எடுக்கல, எடுக்கல.

அக்கா: நல்லவேளை, அதுக்குள்ள பெரிய அதிகாரி மைக்கைப் பிடிச்சுட்டாரு. அந்தச் சாக்குல நழுவி வந்தேன். அந்தப் பையைப் பிரி.

தங்கச்சி: இது டிரைவர் அண்ணனோடது.

அக்கா: தெரியும்டி, மேசையில இருந்து தூக்கிட்டு வந்ததே நான்தானே? பேச்சு முடிஞ்சதும் அவரைத்தான் கூப்பிடப் போறாங்க. பிரி.

தங்கச்சி: கட்டின பையை மேடையிலதான் பிரிக்கணும்னு நீ...

அக்கா: நான் போட்ட சட்டம் நாசமாப் போகட்டும். பிரிடி!

தங்கச்சி: பிரிக்கிறேன்... கடவுளே!

அக்கா: நீலமா?

தங்கச்சி: நீலம்.

அக்கா: மூலையைப் புரட்டு. பேர்த்துண்டுல என்ன இருக்கு?

தங்கச்சி: டிரைவர் அண்ணன் பேரு... அக்கா, நீலக் கரையில உயிரோட இருக்கிற மனுஷன் பேரு! எனக்கு உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது.

அக்கா: எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு? பேர்த்துண்டு தைச்சது யாரு? நீதானே?

தங்கச்சி: நானா! நான் சரியாத்தான் தைச்சேன்.

அக்கா: எங்க சரியாத் தைச்சே? சம்பந்தியம்மாவோட போன்ல கொஞ்சிக்கிட்டே தைச்சே. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனு, வாயில நூலு, சிரிப்பு வேற.

தங்கச்சி: நீ மட்டும் என்னவாம்? கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு வீடு முழுக்கத் தேடறவ. பையில கட்டினது நீ!

அக்கா: கட்டும்போது பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். சிவப்பு சிவப்புப் பையில, நீலம் நீலப் பையில.

தங்கச்சி: அப்புறம் எப்படி? போர்வைக்குக் கால் முளைச்சு மாறிப் போய்ப் படுத்துக்கிச்சா?

அக்கா: சண்டை அப்புறம் போடலாம். வெளிய எட்டிப் பாரு, அவர் பேச்சு முடியுதான்னு.

தங்கச்சி: ...இப்பத்தான் ‘இறுதியாக’ன்னு சொன்னாரு.

அக்கா: அப்போ இன்னும் நேரம் இருக்கு.

தங்கச்சி: ஒண்ணு பண்ணலாமா? நீலக் கரையை உள்பக்கமா மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு...

அக்கா: போர்த்தறதுடி! மடிச்சா எப்படிப் போர்த்துவே? பத்து வருஷமா ஒரே வண்டியை ஓட்டின மனுஷனுக்கு மரியாதை பண்றோம்னு கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் நீ செத்துட்டேன்னு சொல்றதா? அவரோட அம்மா வேற வந்து உட்கார்ந்திருக்காங்க.

தங்கச்சி: நான் வேணா குருவிகிட்ட போய், மாறிடுச்சும்மா, திருப்பிக் குடுன்னு...

அக்கா: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்பே? உன் புருஷன் செத்தவன், அதனால இதைக் கழட்டிக் குடுன்னா? சொல்லு. கேட்பியா?

தங்கச்சி: மாட்டேன்க்கா... ஒண்ணு சொன்னா திட்டாதே. குருவியே மாத்தி வெச்சிருப்பாளோ?

அக்கா: வாயைக் கழுவு!

தங்கச்சி: கடைசி நேரத்துல மனசு மாறியிருந்தா? ஆயிரம்தான் இருந்தாலும்...

அக்கா: அவ அப்படிப்பட்டவ இல்ல. அவ மட்டும் இதைச் செஞ்சிருந்தா, நான் இனிமே ஊசியைத் தொட மாட்டேன். கத்தரி எடு. முதல்ல இந்தப் பேரை எடுத்துடலாம். பேர் இல்லாத நீலம்னா சும்மா ஒரு போர்வை.

தங்கச்சி: இந்தா... என்னக்கா, வெட்ட மாட்டேங்குது?

அக்கா: கத்தரி மொண்ணை. உன் புத்தி மாதிரி.

தங்கச்சி: கத்தரி நல்லாத்தான் இருக்கு. நூலைப் பாரு. இது நம்ம நூலே இல்ல!

அக்கா: காட்டு... இரு, கண்ணாடி... என்னடி இது, கயிறு மாதிரி?

தங்கச்சி: மெழுகு தேய்ச்ச நூல். இது துணிக்கு இல்லக்கா, சீட் கவர் தைக்கிறது. வண்டி சீட்டுக்குப் போடுவாங்களே, அது.

அக்கா: தையலைப் பாரேன். ஒண்ணு கிழக்க போகுது, ஒண்ணு மேற்க போகுது. பின்னாடி முடிச்சு வேற... நூலுக்கு எவளாவது இப்படிக் கயிறு முடிச்சுப் போடுவாளா? நம்ம தையல் கூட்டத்துல யாரும் இல்ல.

தங்கச்சி: ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. ஆம்பளைத் தையல்.

அக்கா: நேத்து மூட்டையை நம்ம வீட்டுல இருந்து ஏத்திட்டு வந்தது யாரு?

தங்கச்சி: டிரைவர் அண்ணன்தான். தானே வந்து... ராத்திரி வண்டியிலேயே இருக்கட்டும், காலையில மண்டபத்துல இறக்கறேன்னு... அக்கா!

அக்கா: சும்மா இரு. யாரோ கதவைத் தட்டறாங்க.

டிரைவர்: அக்கா, நான்தான். திறங்க.

தங்கச்சி: என்ன பண்றது? ஒளிச்சு வைக்கட்டுமா?

அக்கா: எங்க ஒளிப்பே? திற.

டிரைவர்: நினைச்சேன், பிரிச்சிருப்பீங்கன்னு. அதைக் குடுங்க. கூப்பிடும்போது அதோடதான் மேடை ஏறுவேன்.

அக்கா: தம்பி... இது என்ன கரைன்னு தெரியுமா?

டிரைவர்: தெரியும்.

அக்கா: இதுல யார் பேர் இருக்குன்னு தெரியுமா?

டிரைவர்: நான் தைச்சதுதானே, எனக்குத் தெரியாதா? விரல்ல மூணு இடத்துல குத்திக்கிட்டேன்.

தங்கச்சி: அண்ணே! உங்களுக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா?

அக்கா: நீ சும்மா இரு. தம்பி, பெத்த தாய் முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. உயிரோட இருக்கிறப்பவே உனக்கு எதுக்குய்யா இந்தக் கோலம்?

டிரைவர்: அது எனக்கு வர வேண்டியதுக்கா. சிவப்பு நெட்டைக்கு வர வேண்டியது. நான் மாத்தல. மாறினதைத் திருப்பி வெச்சேன்.

தங்கச்சி: புரியற மாதிரி சொல்லுங்க...

டிரைவர்: அந்தக் கிடங்குல தீப்பிடிச்ச அன்னிக்கு டியூட்டி என்னோடது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்து நின்னேன். கன்னம் இவ்வளவு பெரிசு. நெட்டை பார்த்துட்டு, இந்த மூஞ்சியோட போனா தீ சிரிச்சுக்கிட்டே அணைஞ்சிடும், போய்ப் படுடான்னான். சாவியைப் பிடுங்கிக்கிட்டான். நான் சரின்னு போய்ப் படுத்தேன். ஒரு பல்லுக்காக.

தங்கச்சி: அக்கா... சொல்லிடலாமே...

அக்கா: இருடி. அவர் பேசட்டும்.

டிரைவர்: கிடங்குச் சுவர் வண்டி மேல சாஞ்சுது. பின்னாடி நின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகல. டிரைவர் சீட் மட்டும் நசுங்கிச்சு. என் சீட்டுக்கா அது! பத்து வருஷமா நான் உட்கார்ந்த சீட். என் முதுகுப் பள்ளம் அதுல இருக்கும்.

தங்கச்சி: அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே?

டிரைவர்: எல்லாரும் இதைத்தான் சொல்வாங்கன்னு தெரிஞ்சுதான் யார்கிட்டயும் சொல்லல. நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குள்ள மாத்திக்கிட்டது. ஸ்டேஷன்ல அன்னிக்கு யாரும் கேட்கல, அதுக்கப்புறம் நானும் வாயைத் திறக்கல.

அக்கா: குருவியைப் போய்ப் பார்த்தியா நீ?

டிரைவர்: எப்படிப் பார்ப்பேன்? தெரு வரைக்கும் போவேன். கேட்ல காய்கறிப் பையை மாட்டிட்டு, கள்ளன் மாதிரி ஓடி வந்துடுவேன்.

தங்கச்சி: அந்தக் காய்கறி நீங்களா!

டிரைவர்: அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் என்னைக் கொல்லுது. இன்னிக்கு அவங்க வர்றாங்க, நானும் வர்றேன். நான் சிவப்புப் போர்த்திக்கிட்டு சிரிச்சு நிக்கணும், அவங்க நீலத்தை வாங்கி மடியில வெச்சுக்கிட்டுப் பார்க்கணும். நடக்கிற காரியமா இது? இந்த நீலத்தைப் போர்த்திக்கிட்டு மைக்ல சொல்லப் போறேன்.

அக்கா: மைக்லயா!

டிரைவர்: ஆமா. எல்லார் முன்னாடியும்.

தங்கச்சி: ஐயோ, வேண்டாம் அண்ணே...

டிரைவர்: அவங்க எழுந்து வந்து என் மூஞ்சியில துப்பினா கூட சரி. துப்பணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா: அவங்க என்ன செய்யணும்னு நீயே முடிவு பண்ணிட்டியா? நல்லா இருக்கே நியாயம்! புருஷனைப் பறிகுடுத்தது அவ. நீ உன் தூக்கத்துக்கு அவளை மேடையில ஏத்தி அழ வைப்பியா?

டிரைவர்: அப்போ நான் என்னதான்க்கா பண்றது? சொல்லுங்க! சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு... என்ன பண்றது?

தங்கச்சி: அக்கா... கைதட்டுறாங்க. பேச்சு முடிஞ்சிடுச்சு.

அக்கா: யாரைக் கூப்பிடறாங்க?

தங்கச்சி: இவரைத்தான்... இரு, எட்டிப் பார்க்கிறேன்... அக்கா! குருவி எழுந்துட்டா!

டிரைவர்: போறாங்களா? வீட்டுக்குப் போறாங்களா?

தங்கச்சி: இல்ல... மேடைப் படி ஏறிட்டா. தோள்ல இருந்த சிவப்புப் போர்வையைக் கழட்டி, ரெண்டு கையிலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு... சும்மா நிக்கிறா.

டிரைவர்: கூப்பிட்டது என்னைத்தானே? அவங்க எதுக்கு ஏறினாங்க? அக்கா, அவங்க எதுக்கு ஏறினாங்க?

அக்கா: எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் தம்பி, யார் தைச்சாங்கன்னு போர்த்துற வரைக்கும் சொல்ல மாட்டோம், தைச்சவங்கதான் போர்த்தணும். அவகிட்டயும் அப்படித்தான் வாக்குக் குடுத்திருந்தோம், இப்ப மீறறேன். நெட்டை அன்னிக்கு சாவியை வாங்கினதும் முதல் வேலையா பொண்டாட்டிக்குத்தான் போன் பண்ணான், அவன் கன்னம் வீங்கியிருக்கு, நான் போறேன்டின்னு. அடக்கம் பண்ணின மறுமாசமே குருவி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா, எனக்குத் தைக்கத் தெரியாது, கத்துக் குடுங்க, டிரைவருக்குச் சிவப்புக் கரை நான் தைக்கிறேன், அவர் என் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம ஓடறாருன்னு.