ஒயில் ஒழுக்கு

விதைப்புக்கு முன் டிரக்டரைப் பார்த்து வைக்காவிட்டால், மழை இறங்கிய பிறகு ஆள் தேடி அலைய வேண்டிவரும். கிரான் பக்கம் வயல் செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், மகள். பொலிஸ் உடுப்பில் இருந்தாலும் உங்களை மகள் என்றுதான் கூப்பிட வருகிறது, குறை நினைக்காதீர்கள்.

எங்கள் டிரக்டரில் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற பாரமான இரும்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. சம்ப் என்பார்கள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒயில் கசியாமல் அடைக்கிற மெல்லிய கஸ்கட் இற்றுப்போய், நிறுத்திய இடமெல்லாம் கறுப்பாகச் சொட்டியது.

"போறதுக்கு முதல் இந்த ஒழுக்க நிப்பாட்டித் தந்திட்டுப் போ மனே" என்று இளையவன் அன்ரோவிடம் சொன்னேன்.

"றமீஸ் நானாட கராச்சில திருத்தக் குடுப்பம் அம்மா. தனிய ஏலாது."

"நான் ஜக் அடிக்கிறன். உன்ட அப்பாவோட எத்தின தரம் செஞ்சிருக்கன்."

உண்மைதான். பாரம் தூக்குகிற அந்த ஜக்கின் கைப்பிடியை எவ்வளவு அழுத்தினால் சம்ப் எவ்வளவு ஏறும் என்று என் தோளுக்குத் தெரியும்.

அவன் கட்டாருக்குப் போக இருந்தான். பெரிய மெசின்கள் திருத்துகிற வேலை. மூத்தவன் ஜெராட்டும் அப்படித்தான் போனான். முதலில் நாள் தவறாமல் போனில் முகம் காட்டினான். பிறகு ஞாயிறு பூசை முடிந்து. பிறகு வருசத்துக்கு ஒரு தரம், நத்தாருக்கு மட்டும். இப்போது அந்த இலக்கமே வேலை செய்வதில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடவுச்சீட்டை ஒளித்தால் புதிது எடுப்பான். நோய் என்று படுத்தால், பக்கத்து வளவு டினோஷாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போவான். அவன் கட்ட இருந்த பெண் அவள். அவன் காலைப் பற்றியும் யோசித்தேன். கால் போனால் வயல் வட்டைக்குள் இறங்க முடியாது, பாவம். கட்டார்காரர் கேட்டது என் பிள்ளையை அல்லவே, அவனுடைய வலது கையைத்தான். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எனக்கு மிச்சம்.

அவன் டிரக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்து பழைய கஸ்கட்டைச் சுரண்டி எடுத்தான். புதியதைப் பசை பூசி வைத்தான். நான் மெல்ல ஜக் அடித்துச் சம்பை ஏற்றினேன். முட்டப்போகிற நேரத்தில் கஸ்கட் ஒரு பக்கம் விலகியது. அது எப்போதும் விலகும். அதைச் சரிப்படுத்த இடைவெளிக்குள் வலது கை விரல்களை விட்டான்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை, ஜக் தவறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். நல்ல பிள்ளை. வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற டினோஷாதான் உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

"பொறுங்கம்மா, கை உள்ள கிடக்கு" என்று அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஓம் மனே" என்றேன். பிறகு கைப்பிடியை அழுத்தினேன். அவன் கத்தினான். இன்னொரு தரம் அழுத்தினேன். அரைகுறையாக விட்டால் டொக்டர்மார் தைத்துச் சரியாக்கிவிடுவார்கள்.

ஜக்கை இறக்குகிற திருகு எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. டினோஷா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்துதான் அதைத் திறந்தாள். அதுவரை நான் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் நேரே அவள் வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு நேரமும் சோறு கொண்டுபோனேன். கதவைத் திறக்கவில்லை. மருந்து மயக்கத்தில் தூங்கியிருப்பான்.

என்னை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருங்கள், மகள். அவனுக்கு மட்டும் யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள்: நான் வந்து ஊட்டும்வரை பசியோடு காத்திருக்க வேண்டாம், அதுவரைக்கும் அந்தப் பிள்ளையின் கையால் கொஞ்சம் சாப்பிடட்டும்.