எரிச்சல் எவ்வளவு

எனக்குப் பேச்சு அதிகம் வராது. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். இந்த வேலைக்கு அதுதான் உதவியது. அவசரப்படுத்தாத ஆளை நோயாளிகளுக்குப் பிடிக்கும், டாக்டர்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்லச் சொல்கிறீர்கள். புற்றுநோய்க்கான புது மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களின் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போவேன். சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை, மனநிலை எல்லாம் கேட்பேன். கடைசியாக, கை கால் எரிச்சல் பத்துக்கு எவ்வளவு என்று கேட்பேன். அந்த மாத்திரை சிலருக்கு உள்ளங்காலை எரிக்கும், தோலை உரிக்கும். ஏழுக்கு மேல் சொன்னவருக்கு மருந்தை நிறுத்திவிடுவார்கள். பலரும் அப்படிச் சொன்னால் ஆய்வே நின்றுவிடும்.

என் மனைவி கிரேஸும் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாள். அவள் ஆய்வில் சேர்ந்த பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அவள் எனக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மற்ற மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. இதில்தான் அவள் ஈரலில் இருந்த கட்டி சுருங்கியது. ஸ்கேன் எடுத்துத் திரும்பிய அன்று, வாலாஜாபாத் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நோய் வந்ததிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அதை யாரும் எடுத்துக்கொண்டு போக நான் விடுவதாக இல்லை.

முதலில் ஒன்பது என்றவர் பிள்ளையார்பாளையத்து வேலாயுதம். நெசவாளர். தறிக்குழிக்குள் ஈரக் கோணியைப் போட்டு அதன்மேல் கால்களை வைத்துக்கொண்டிருந்தார். பட்டு ஓடுகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அண்டவிடாத மனிதர் அவர்.

"ஒம்போதுபா. அடுப்புல நிக்கிற மாரி இருக்குது," என்றார்.

அவர் மனைவி கலாவதி, "அதான் இந்த வருசம் தீமிதிக்கு வேண்டிக்கச் சொல்லிக்கினு இருக்கறேன் தம்பி. இவருக்கு ஒண்ணும் புதுசா தெரியாது," என்று சிரித்தார்.

நான் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமாக இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, ஏழுன்னு போட்டுக்கோ."

அப்போதும் உட்கார்ந்திருந்தேன்.

"ஓசியில மருந்து குடுக்கறவங்ககிட்ட இவ்ளோ குறை சொல்றதாங்க?" என்றார் கலாவதி. "அந்தப் புள்ள மொகத்தைப் பாருங்க, வாடிப்போச்சு."

"மூணுபா. எழுதிக்கோ. பழகிடும்."

எழுதிக்கொண்டேன். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த மாதம் அவர் தாமாகவே மூன்று என்றார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். சின்ன காஞ்சிபுரத்து ரேணுகாம்பாள் உரிந்த கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டு, தன்னால் என் வேலைக்குப் பங்கம் வரக்கூடாது என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊரில்தான் நோயாளிகள் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று கூட்டத்தில் பாராட்டினார்கள். எனக்குக் கைதட்டினார்கள்.

வேலாயுதம் கட்டியால் சாகவில்லை, காலில் பிடித்த சீழ் ரத்தத்தில் கலந்துதான் செத்தார் என்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். கடைசியாகப் போனபோது வாசலிலேயே வாடை வந்தது. கோணியில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எரிச்சல் எவ்வளவு என்று கேட்டேன். அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

"தம்பிக்கு எது தோதோ அதைச் சொல்லுமா," என்றார் மனைவியிடம்.

கலாவதி சொன்னார். நான் எழுதினேன். அடுத்த வாரம் ரேணுகாம்பாளும் போய்ச் சேர்ந்தார்.

நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை, டாக்டர். அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான் எல்லாம். ஆனால் அந்த ஒன்பதை அப்போதே எழுதியிருந்தால் வேலாயுதத்துக்கு மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள், அவர் இருந்திருப்பார். எழுதாமல் உட்கார்ந்தே அவரைக் கொன்றேன். ரேணுகாம்பாளையும். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லத் தயார். மறுபடி அந்த வீட்டுக்கு அனுப்பினாலும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிரேஸின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அவளுக்கு எரிச்சல் கிடையாது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். "ஒண்ணும் இல்லங்க" என்பாள். வீட்டுக்குள்ளும் அவள் சாக்ஸ் போட்டுக்கொள்வது தரை சில்லென்று இருப்பதால்தான். அவளே சொன்னாள்.

இன்று காலை அவளைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டீர்களாம். பத்து என்று சொல்லி அழுதாள் என்கிறீர்கள். சாக்ஸைக் கழற்ற முடியாமல் கத்தரித்து எடுக்க வேண்டியிருந்தது என்கிறீர்கள். என்னிடம் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் கேட்ட விதம் சரியில்லை, டாக்டர்.