அடுத்த வீட்டு நாத்தம்

...சண்டைக்கு வரல்ல கேட்டியா தஸ்ரின். அடுத்த வீட்டுக்காரியாச்சேன்னு ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டேன். சாயங்காலம் நாலு மணி ஆனா போதும், ஒனக்க அடுக்களையில இருந்து ஒரு நாத்தம்! பத்துச் சாக்கு ரப்பர் ஒட்டுப்பால மழையில ஊறப் போட்ட மாதிரி... ஒனக்கு ரப்பர்த் தோட்டமும் கெடையாது, பின்ன எங்கேருந்து வருது? நீ பேசாண்டாம், நான் முடிச்சுக்கிடுதேன்.

காய்ச்சல் வந்து ஏழு மாசமா எனக்கு ஒரு மணமும் தெரியல்ல. மீன் கொழம்பு கரிஞ்சு, புகை கண்ணுல எரிஞ்ச பெறகுதான் தெரியும். "ரெஜிலா டீச்சரே, மூக்கு முகத்துக்கு அழகுக்கா?"ன்னு வீட்டுக்காரரு ஷாஜனுக்குக் கேலி. நான் அசரல்ல. பதினஞ்சு வருசமா விலங்கியல் நடத்துதேன், எனக்குத் தெரியாதா? மணம் பிடிக்கிற நரம்புச் செல்லு ரெண்டு மாசத்துல சாவும், அடியில இருந்து புதுசு மொளைக்கும். வரும் வரும்னு காத்துக் கெடந்தேன் மக்கா. கடைசீல வந்துட்டு! மொதமொத மோந்தது என்ன... பிச்சிப்பூவா? மல்லிகையா? ஒனக்க வீட்டு நாத்தம்! மனசு ஆறுமா? பஞ்சாயத்துல மனு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கு ஆளு வருவாவ.

என்ன சிரிக்க? காப்பியா... வேண்டாம். சரி, போட்டுட்ட, குடு.

யம்மோ! ஏட்டி, என்னத்தக் கலக்கின? அதேதான், அதே ஒட்டுப்பால் நாத்தம்! நீ குடிச்சுப் பாரு... என்னது, மடக்கு மடக்குன்னு குடிக்க? நல்லாவா இருக்கு? நீ எப்பம் காப்பி போடுவ?

...நாலு மணிக்கா. எங்க வீட்டுல டீதான், அதான் தெரியாமப் போச்சு.

சவம்! வகுப்புல நானே சொல்லிக் குடுத்ததுதான். மொளைச்சா மட்டும் போதாது, நரம்ப நீட்டி மூளையில சரியான எடத்துல போய்ச் சேரணும். எனக்க செல்லு குளச்சலுக்கு டிக்கெட் எடுத்துட்டு மண்டைக்காட்டுல எறங்கியிருக்கு! ஒன்ன வேற நாறடிச்சிட்டேன்... காலையில மொத ஆளா போய் மனுவத் திரும்ப வாங்கிடுதேன் பிள்ளே. ஷாஜன்கிட்ட மட்டும் சொல்லிராத.

கெடக்கட்டும், இந்தச் செல்லும் ரெண்டு மாசத்துல சாவும். அடுத்தது வழி தெரிஞ்சு வருதான்னு பாப்போம். டாக்டரு தெனமும் எதையாவது மோந்து மூக்கப் பழக்கச் சொன்னாரு, நான்தான் கேக்கல்ல. எனக்குப் படிச்சுக் குடுக்க இவரு யாருன்னு ஒரு திமிரு.

ஏட்டி, டம்ளர எங்க கொண்டுபோற? இங்க வை... யம்மோ, என்னா நாத்தம்!

இன்னும் கொஞ்சம் ஊத்து.