ஒன்பது சாம்பல் நிறக் கார்கள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் க்ளெய்ம் பிரிவில் இருந்தேன். நசுங்கின கார்களையே பார்த்துப் பார்த்து, ஓட்டிப் பார்க்கிற ஆசை வரவில்லை. வீட்டுக் காரை என் மகன் நகுல்தான் ஓட்டுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். நீங்கள் விசாரிக்கிற விஷயத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டவன் நான் இல்லை.

தெரிந்த மொழியில் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். தமிழில் எழுதுகிறேன். மராத்தியில் பெயர்க்க ஆள் வேண்டுமென்றால் தாராவியில் நிறையப் பேர் கிடைப்பார்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம். பத்ரிநாராயணன் என்ற பெயருக்கு அங்கே இப்போது அவ்வளவு மரியாதை இல்லை.

மாட்டுங்காவில் ரிடையர் ஆனவர்கள் காலையில் கோவிலுக்குப் போவார்கள். பிறகு கோவில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினவனைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. போட்டோ எடுப்பேன். நடைபாதையில் ஏற்றி நிறுத்திய வண்டி யாருடையது என்று கண்டுபிடித்து இணையத்தில் போடுவேன். அப்படி ஆரம்பித்த குழுவில் பதினாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கு வாராவாரம் பாடமும் எழுதினேன்.

இதற்காக யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் வெளியில்தான் கிடக்கிறது. வண்டி வாங்கினால் ஜனங்கள் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, நம்பர் பிளேட் தெரியும்படி படம் போடுகிறார்கள். விற்கும்போது நாலு பக்கமும் எடுத்துப் போடுகிறார்கள். கராஜ்காரன் ரிப்பேருக்கு முன், ரிப்பேருக்குப் பின் என்று போடுகிறான். ரகசியம் காக்க இந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை. நான் எடுத்து அடுக்கி வைப்பேன், அவ்வளவுதான்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். தேவ்நாரில் கொட்டுகிற மழை. ராபியா என்கிற முப்பத்தாறு வயதுப் பெண் ரோட்டைக் கடக்கும்போது ஒரு சாம்பல் நிறக் கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. சேலைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைத்தவளாம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை அவள் தங்கை சாயிரா கோவண்டியிலிருந்து என் வீட்டைத் தேடி வந்தாள். ஒரு மருந்துக்கடைக் கேமராவில் விழுந்த ஐந்து விநாடி வீடியோ அவள் போனில் இருந்தது. நம்பர் முழுசாகத் தெரியவில்லை என்று போலீஸ் கையை விரித்துவிட்டார்களாம். தப்பாக நினைக்காதீர்கள், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"ராத்தா ரெண்டு நாளு மூச்சு விட்டுட்டுத்தான் கெடந்தா, சார்," என்றாள். "இடிச்சவன் அப்பவே தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டரே சொன்னாரு. வண்டி யாருதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் மனைவி விசாலாக்ஷி அவளுக்குக் காபி கொடுத்தாள்.

அவள் போனபின் கண்டுபிடிக்கப் பதினொரு நிமிஷம் ஆனது. சிறிய கார். கடைசி இரண்டு எண்கள் நாலு, ஏழு. இடித்தபோது இடது ஹெட்லைட் உடைகிறது. கூரையில் ஆன்டெனா ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. போன தீபாவளிக்குக் கார் கவரை இழுக்கும்போது எங்கள் வாட்ச்மேன் வளைத்த ஆன்டெனா அது. பால்கனியில் போய்க் கீழே பார்த்தேன். எங்கள் கார் நிற்கிற இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமையே சர்வீஸுக்கு விட்டுவிட்டதாக நகுல் சொல்லியிருந்தான்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவனைக் கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

"மழைல ஒண்ணுமே தெரியலைப்பா. நாய்னு நெனச்சேன். அப்புறம் கண்ணாடில பார்த்தேன்."

"பார்த்தப்போ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

பிறகு எழுந்து நின்று, "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்ப்பா. நீங்களும் கூட வரேளா?" என்றான்.

இருபத்தேழு வயது. கல்யாணம் நிச்சயமாகி, நெருளில் ஃபிளாட்டும் பார்த்தாயிற்று. இந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போகத் தோன்றுகிறது பாருங்கள். "மொகம் அலம்பிண்டு சாப்பிட வா. அம்மாவோட ஹார்ட்டு இதைத் தாங்காது," என்றேன். விசாலாக்ஷியின் இதயம் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவன் உட்கார்ந்தான், சாப்பிட்டான்.

பேசாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். இருந்திருப்பேன். ஆனால் அந்த வீடியோவை சாயிரா குழுவிலும் போட்டுவிட்டாள். பதினாலாயிரம் பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு ஒரு பதிலைக் கொடுக்காவிட்டால் அவர்களே தேட ஆரம்பிப்பார்கள்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். அதே மாடல், அதே நிறம், நாற்பத்தேழில் முடிகிற நம்பர். கிடைத்தவை ஒன்பது கார்கள். எங்களுடையதையும் சேர்த்தால் பத்து, நான் சேர்க்கவில்லை. ஒன்று ஒரு டாக்டருடையது. டாக்டர்களுக்கு வக்கீல் மைத்துனர்கள் இருப்பார்கள். ஒன்று செம்பூரில் ஒரு ரிடையர்டு நீதிபதியின் மருமகளுடையது. மரியாதை கருதி விட்டுவிட்டேன். ஒன்று உங்கள் இலாகாக்காரர் ஒருவருடையது. அதைப் பற்றி மேலே எழுதவில்லை. மூன்று கார்கள் அன்று ஊரிலேயே இல்லை. ஒன்று பிரம்மநாயகத்துடையது, அவரோடு தினமும் வாக்கிங் போகிறேன். ஒன்றின் சொந்தக்காரர் காலமாகிவிட்டார். செத்தவர்மேல் பழி போடுவது பண்பில்லை.

மிச்சமிருந்தது ஜெயினுலாப்தீன். தாராவியில் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவ்நாரிலேயே ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அவர் மகள் அதீபா, கல்லூரியில் படிக்கிறவள், கல்யாணப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தாள். பின்னால் அவர்கள் கார் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை குர்லாவில் ஒரு கராஜ் அதே காரின் உடைந்த ஹெட்லைட்டைப் படம் போட்டிருந்தது. அதுவும் இடது பக்கம். கல்யாண மண்டபத்தில் முன்னால் நின்ற டெம்போ ரிவர்ஸ் எடுத்தபோது இடித்ததாம், அது பிறகு தெரிந்தது. இவ்வளவு பொருத்தத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை கோவிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து படங்களைப் போட்டேன். கேமராவில் விழுந்தது ஒன்று, கராஜ் படங்கள் இரண்டு, கல்யாணப் படங்கள் இரண்டு. மேலே ஒரே வரி: "இவை ஒரே வண்டியா? உங்கள் கருத்து என்ன?" கேள்விக்குறி போட்டிருக்கிறேன், தயவுசெய்து கவனிக்கவும். யார் பெயரையும் நான் எழுதவில்லை. பெயரை அவர்கள் இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்தார்கள். பட்டறை இருக்கிற சந்து பத்து நாற்பதுக்கு வந்துவிட்டது. நான் நடத்திய பாடம் வீண் போகவில்லை.

ஆர்டர் நிறைய இருந்ததால் அன்றும் பட்டறை திறந்திருந்தது. சாயிராவின் தம்பி சாஹிலும் கோவண்டியிலிருந்து இன்னும் முப்பது பேரும் போனார்கள். நடந்ததை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள், எடுக்காமல் இருப்பார்களா. அதில் ஜெயினுலாப்தீன் குரல் ஒரு இடத்தில் தெளிவாகக் கேட்கிறது. "கல்யாண வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தேன்ப்பா. வண்டிய எடுக்கவே இல்ல. எம் புள்ளகிட்ட கேட்டுப் பாருங்க."

பிள்ளை அங்கேதான் இருந்தாள், மாடிக்கு ஏறுகிற இரும்பு ஏணியில். யாரும் கேட்கவில்லை. ஒரு மணிக்கெல்லாம் அவர் இறந்துவிட்டார்.

சாயங்காலம் என் பதிவை நீக்கினேன். வன்முறையைத் தூண்டுவது எங்கள் குழுவின் விதிகளுக்கு விரோதம்.

நகுல் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். "அவர் பண்ணலைப்பா," என்றான்.

"அது யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேசத்தான் தெரிகிறது. அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். வீட்டைவிட்டுக் கிளம்பினால் எங்கே போகிறாய் என்று விசாலாக்ஷியைக் கேட்கச் சொல்வேன். நான் அவனை அடைத்து வைத்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறான். பூட்டெல்லாம் போடவில்லை. அம்மா அழுவாள் என்பதை மட்டும் அவ்வப்போது ஞாபகப்படுத்தினேன்.

அந்த வாரமே சாஹிலைக் கைது செய்தீர்கள். சாயிரா ஒரு பெட்டி பேடாவோடு வந்தாள். "தம்பி உள்ள போயிட்டான் சார். ஆனாலும் ராத்தாவுக்கு நியாயம் கெடச்சுட்டுது," என்றாள். எனக்குச் சர்க்கரை உண்டு. இருந்தாலும் அவள் மனசு கோணக்கூடாது என்று பாதி எடுத்துக்கொண்டேன்.

அதீபாவுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது என்று கேள்விப்பட்டேன். என் பழைய பாடங்களை அவள் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். முதலில் கூரையைப் பார், அதை யாரும் பார்ப்பதில்லை என்று ஒன்றில் எழுதியிருந்தேன். பார்த்திருக்கிறாள். அவள் அப்பாவின் காரில் ஆன்டெனாவே கிடையாது. பிறகு வளைந்த ஆன்டெனாவைத் தேடியிருக்கிறாள். எங்கள் கேட்டை மறித்து நின்ற ஒரு ஆட்டோவை மார்ச் மாதம் நான் படமெடுத்துப் போட்டிருந்தேன். அதில் பின்னால் எங்கள் கார். ஏழு வாரம் பிடித்திருக்கிறது. கெட்டிக்காரப் பெண். என்னிடமே வந்து கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிகிற வேலை.

நீங்கள் வந்து மணி அடித்தபோது நகுல்தான் கதவைத் திறந்தான். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள், "நான்தான் ஓட்டினேன்," என்று சொல்லிவிட்டான். காத்துக்கொண்டிருந்த மாதிரி.

ஜெயினுலாப்தீன் குற்றமற்றவர் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று மூன்று தடவை கேட்டீர்கள். என் கம்ப்யூட்டரை எடுத்துப் போயிருக்கிறீர்கள், பார்த்திருப்பீர்கள். அதீபா போட்ட கல்யாணப் படங்கள் மூன்று. மூன்றாவதில் மண்டப வாசல், உள்ளே சுவர்க் கடிகாரம், நாலு மணி பத்து நிமிஷம். வெளியே அவர்கள் கார், முன்னால் சமையல்காரர் டெம்போ, பின்னால் ஒரு பஸ். நடுவில் மாட்டின காரை வெளியே எடுக்க வேண்டுமானால் கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பதினாலாயிரம் பேரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். எல்லோரும் பார்க்கத்தான் அந்தப் பெண் போட்டிருந்தாள். நான் ஒருவன் பார்த்தேன். ஆமாம், சனிக்கிழமையே பார்த்தேன். அவர் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்துதான் மற்ற ஐந்தைப் போட்டேன்.

நேற்றுக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது, என்னோடு ஒரே வேனில் ஏற மாட்டேன் என்று நகுல் அடம் பிடித்ததாகச் சொன்னார்கள். குழந்தைக்குத் தூக்கம் போதவில்லை. எல்லாம் அவனுக்காகத்தான் செய்தேன் என்று யாராவது நிதானமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வான்.