இன்ஸ்பெக்டரின் கடைசி மூச்சு

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுங்களா, ரெண்டு குரலோட கதை ஒண்ணு சொல்றேன். டிவியில கொலை கண்டுபிடிக்கிற தொடர். விறைப்பான இன்ஸ்பெக்டரம்மாவும் வெகுளித் தையல்காரியும் அதுல சிநேகிதிங்க. நடிக்கிறவங்களுக்கு வாய் மட்டும்தான் அசையும். இன்ஸ்பெக்டருக்குக் குரல் குடுக்கிறவ கணீர், தையல்காரிக்குக் கீச்சி. இருட்டு அறை, ரெண்டு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட்காரர். அன்னைக்குக் கடைசி எபிசோட்.

சவுண்ட்காரர்: ...மறுபடியும் தப்பு, கீச்சியம்மா. "சட்டையில ரத்தம்"னு இருக்கு. நீங்க "ரத்தத்துல சட்டை"ங்கிறீங்க.

கீச்சி: நாக்கு குழறுதுங்க...

கணீர்: ஏண்டி, நாக்கை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?

கீச்சி: நீ பேசாதக்கா. ஃபிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு, ஊத்திக்கோ.

சவுண்ட்காரர்: உங்க குரலும் என்னம்மா, அடைச்ச மாதிரி?

கணீர்: சளி.

சவுண்ட்காரர்: போன மாசமும் சளின்னீங்க.

கணீர்: விசுவாசமான சளி. விட்டுப் போக மாட்டேங்குது.

சவுண்ட்காரர்: சிரிப்பு இருக்கட்டும்மா. இந்தச் சாவு சீன் சரியா வரலைன்னா வேற குரல் போடச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

கணீர்: ஆறு வருஷமா இவளுக்கு நான்தான் பேசுறேன். சாகும்போது மட்டும் இன்னொருத்தி தொண்டையிலயா சாவா? எடுங்க.

சவுண்ட்காரர்: சரி. இன்ஸ்பெக்டருக்கு வயித்துல குண்டு. தையல்காரி மடியில தலை... போகலாம்.

கீச்சி: "பேசாத. ஆம்புலன்ஸ் வருது. நீ பேசவே கூடாது."

கணீர்: "பேசாம... பேசாம இருந்து... க்கும்..."

கீச்சி: நிறுத்துங்க, என் தப்பு. நான் முந்திட்டேன்.

சவுண்ட்காரர்: நீங்க முந்தலையே.

கீச்சி: முந்தினேங்க. முதல்ல இருந்து போட்டு, பொறுமையாக் கேளுங்க.

சவுண்ட்காரர்: கேக்கிறேன், இருங்க. மைக்கை அணைக்கிறேன்.

கணீர்: நீ எங்கடி முந்தின?

கீச்சி: குடி. பேசாத.

கணீர்: வசனம் சொல்றியா, என்கிட்ட சொல்றியா?

கீச்சி: ரெண்டும்தான்.

கணீர்: கீச்சி...

கீச்சி: என்ன?

கணீர்: ஒண்ணுமில்ல. வெந்நீர் இதமா இருக்கு.

சவுண்ட்காரர்: கேட்டேன். முந்தவும் இல்ல, பிந்தவும் இல்ல. விளையாடுறீங்களாம்மா? இதுதான் கடைசி டேக். போகலாம்.

கீச்சி: "பேசாத. ஆம்புலன்ஸ் வருது. நீ பேசவே கூடாது."

கணீர்: "பேசாம இருந்து என்னடி பண்ணப் போறேன்... கொலைகாரனைப் பிடிச்சாச்சு. அது போதும். உனக்குப் பொய் சொல்லவே வராது தையல்காரி. ஊசியில நூல் கோக்க முடியாத மாதிரி நடிப்ப... நான் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கணும்னு. தெரியும்டி... எல்லாம் தெரியும்."

சவுண்ட்காரர்: ...ஓகே. ஓகேம்மா. அந்தக் கரகரப்பு நிஜமாவே சாகிறவ குரல். எப்படிப் பண்ணீங்க?

கணீர்: பழக்கம்.

சவுண்ட்காரர்: ஆனா அந்தத் "தெரியும்டி" வசனத்துல இல்லையே... இருக்கட்டும், அந்த இடத்துல திரையில அவ முகம் தெரியல, வாயசைவு இடிக்காது. விளக்கைப் போடுறேன், கிளம்புங்க.

கணீர்: பையை எடுடி.

கீச்சி: அக்கா... எப்போ தெரிஞ்சுது?

கணீர்: ரெண்டாவது டேக்கே வாங்காதவ, எனக்கு இருமல் வரும்போதெல்லாம் தப்பு பண்ணினா தெரியாதா? உனக்கு எப்படித் தெரியும், அதைச் சொல்லு.

கீச்சி: எது?

கணீர்: மழுப்பாத.

கீச்சி: வீட்டுக்காரருக்குக் காது காட்டப் போனேன். தொண்டை டாக்டர் ரூம் வாசல்ல நீ நின்ன. கூட இருக்க யாரு வருவாங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. "தங்கச்சி வருவா"ன்னு சொன்ன. உனக்கு ஏது தங்கச்சி?

கணீர்: யாருமில்லைன்னு சொல்ல வாய் வரலடி.

கீச்சி: நாளைக்குக் காலையிலதானே ஆபரேஷன்?

கணீர்: ம்... குரல்வளையையே எடுத்துடுவாங்களாம். அப்புறம் எனக்கும் வாய் மட்டும்தான் அசையும்.

கீச்சி: அசையட்டும். அசையிற வாய்க்குப் பேசுறதுதானேக்கா என் பொழப்பு. நேத்தே அந்த நர்ஸ்கிட்ட போய்ச் சொல்லிட்டேன்... அந்தத் தங்கச்சி நான்தான்னு.

உங்க வீட்டுல கூப்பிடுற குரலுக்கும், கூப்பிடாமலே வந்து நிக்கிற மனுஷிக்கும் என்னைக்கும் குறைவில்லாம இருக்கட்டும், கண்ணுங்களா.