விசில் இல்லாத கச்சேரி

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள்.

“நேத்து கச்சேரியில நான் விசில் அடிச்சிட்டேன்க்கா,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“நீயா?”

“ஆங். எங்க வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் அவரு விசில் இல்லாம ஊர்ல கச்சேரி நடக்காது. அவரு போனப்புறம் இதான் மொத திருவிழா. அவருக்குப் புடிச்ச பாட்டு பாடி முடிச்சாங்க. எல்லாரும் கை தட்டறாங்க, விசில் மட்டும் காணோம். எனக்குத் தாங்கல.”

“உனக்கு எப்படி அடிக்க வந்துச்சு?”

“கல்யாணமான புதுசுல அவருதான் கத்துக்குடுத்தாரு. கதவ சாத்திகினு அடிப்போம்.”

“புள்ள ஒண்ணும் சொல்லலையா?”

“வெடுக்குனு திரும்பிப் பாத்தான். ‘அப்பான்னு நெனச்சிட்டேம்மா’ன்னு சிரிச்சிகினே அழுவறான்.”

“எங்க, ஒருவாட்டி அடி, கேக்கலாம்.”

இரண்டு விரலை வாயில் வைத்து மெதுவாகத்தான் ஊதினாள். கண்டக்டர் விசில் என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“யாரும்மா எறங்கறது?” என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் வந்தார். இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தார்கள்.

பஸ் மறுபடி கிளம்பியதும் அவள் சொன்னாள்: “அவருது இன்னும் நீளமா வரும்க்கா.”